வாத்துக்கு இன்னொரு பெயர்

நார்ஃபோக் தீவு மன்றத் தேர்தலில் நின்ற எவாஞ்சலினை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பட்டப்பெயரையே அச்சிடும் அந்தத் தீவின் டெலிபோன் புத்தகத்தில்கூட அவள் ‘வாத்து’தான். வாத்துக்கு ஓட்டுப் போடுங்கள் என்றே வீடுவீடாகக் கேட்டிருந்தாள். வாக்குச்சீட்டில் முழுப்பெயர்தான் வரும் என்பது தேர்தலன்றுதான் அவளுக்கு உறைத்தது.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு மெர்வல், "உன் பேரே இல்லியே, வாத்து!" என்றார்.

அவள் அவரை மறித்தாள். "அப்ப யாருக்கண்ணே போட்டீங்க?"

"யாரோ எவாஞ்சலினாம். மத்த எல்லாரோடயும் எனக்குச் சண்டை. அந்தம்மாவோட மட்டும்தான் இன்னும் சண்டை இல்ல. வரிசைல நின்ன பாதிப்பேரு அப்படித்தான் போட்டாங்க."

"அண்ணே, அது நான்தான்!"

"ஐயையோ, நீயா? உன் மாடு என் தோட்டத்துல பூந்து..."

"போட்டது போட்டதுதான்!" என்று அவள் நிம்மதியாக மூச்சுவிட்டுச் சிரித்தாள்.