மாற்றிக் கட்டிய பட்டை

துபாயில் அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப் பஸ் கவிழ்ந்ததில் தலையில் அடிபட்ட உடையப்பன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது, வலிகூடத் தெரியவில்லை. நர்ஸ் ஷம்சியா அவன் கைப்பட்டையை ஸ்கேன் செய்தாள். பிறகு ஊசி மருந்தை. திரையில் பச்சை எரிந்தது. ஆளும் மருந்தும் சரி என்று அர்த்தம்.

"பேரைச் சொல்லுங்கண்ணே. கேக்காம போடக் கூடாது."

"உடையப்பன்."

ஊசி பிடித்த கை நின்றது. பட்டையில் இருந்தது அவன் ரூமில் தங்கியிருந்த, அதே பஸ்ஸில் வந்த அருள்முருகனின் பெயர். விபத்து அவசரத்தில் இருவருக்கும் மாற்றிக் கட்டியிருந்தார்கள். அது என்ன மருந்து என்று உடையப்பன் கேட்டான். சொன்னாள்.

"அது எனக்கு ஆவாது சிஸ்டர். ஊர்ல ஒருதடவை போட்டு, மூச்சே நின்னுபோகப் பாத்துச்சு. அருள் எங்க?"

ஷம்சியா தலையைக் குனிந்துகொண்டாள். "காலையில தவறிட்டாருண்ணே. அவர் கையில இருந்த உங்க பட்டையப் பார்த்து, நீங்க போயிட்டதா உங்க வீட்டுக்குச் சொல்லிட்டாங்க."

அவளே போன் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒப்பாரி கேட்டது. "வீரம்மா, நான்தான் பேசுறேன்" என்றான். மனைவி நம்பாமல் அழுதாள். நம்பியபின் இன்னும் பெரிதாக அழுதாள். யார் வீட்டுச் சத்தமோ போல அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"அருள் வீட்டுக்கு ஆபீஸ்ல சொல்லிருவாங்கண்ணே" என்றாள் ஷம்சியா.

"வேணாம். அவன் சம்சாரத்துக்கு என்னைத் தெரியும். நானே சொல்றேன்."

ரிங் போயிற்று. அருளின் மனைவி எடுத்தாள்.

"விஜி, கூட யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டான்.