மிஞ்சிய பதினொரு மாத்திரை

ராக்காயி கொண்டுவந்த மாத்திரைகளை நர்ஸ் தேவசேனா இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். பதினொரு மாத்திரை மிச்சம். மாதம் முடிகிற நாளில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

டாக்டர் அகிலன் ஒப்பந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். கொடைக்கானலில் அந்த ஆஸ்பத்திரியில் வலிக்கு மார்ஃபின் மாத்திரை வாங்குகிற எல்லோரும் ஒப்புக்கொண்ட தாள்தான். அடியில் ராக்காயியின் கட்டைவிரல் ரேகை இருந்தது. தன் ஊரான கிளாவரையில் கேரட் மூட்டையோடு விழுந்து அவளுக்கு முதுகெலும்பு நொறுங்கி நான்கு வருடமாகிறது. அந்த மாத்திரையால்தான் எழுந்து நடமாடுகிறாள்.

“சொன்னபடி சாப்பிடணும்னு இதுல இருக்கும்மா. மிச்சம் இருக்குன்னா வலி குறைஞ்சிருக்கணும், இல்ல வேற எங்கயோ வாங்குறீங்க. இந்த மாசம் பாதிதான் எழுதுவேன்.”

“வேற எங்க வாங்க? எங்கூர்ல தலைவலி மாத்திரைக்கே பஸ் ஏறணும்.”

“அப்ப எப்படி மிஞ்சுச்சு?”

“ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணு முழுங்காம எடுத்து வச்சேன். வெதைப்பூண்டு எடுத்து வைக்கிறதில்லையா, அப்படித்தான். அடுப்புக்கு மேல பூண்டுக் கட்டோட தொங்க விட்டிருந்தேன்.”

“யார் வைக்கச் சொன்னது?”

ராக்காயியின் குரல் உயர்ந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“நீங்கதான்! போன மாசம் வெள்ளனே பஸ் ஏறி வந்தேன். மருந்து வரல, அடுத்த வாரம் வான்னீங்க. ஏழு நாளு முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு கெடந்தேன். இந்தப் பதினொண்ண ஒளிச்சிருந்தா உங்களுக்குத் தெரியுமா? மிச்சத்தக் கொண்டாரணும்னு தாள்ல இருக்குன்னுதான் கட்ட அவுத்துக் கொண்டாந்தேன். நெசம் சொன்னவளுக்குப் பாதியா?”

“மருந்து வர்றது எங்க கையில இல்லம்மா.”

“வரலன்னா உங்களுக்கு என்ன தண்டனை? அது தாள்ல இருக்கா? வாசிங்க.”

அகிலன் தாளைப் பார்த்தார். ஆறு நிபந்தனைகள். ஆறும் ‘நோயாளி’ என்றே தொடங்கின.

தேவசேனாவின் முகம் எரிந்தது. காலையில் குறிஞ்சியாண்டவரைக் கும்பிட்ட இதே கைதான் ஒப்பந்தம் போட்ட அன்று ராக்காயியின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தியது. வரிசை நீளமாக இருந்ததால் தாளை ஓட்டமாக வாசித்திருந்தாள்.

அதைத் திருப்பிப் போட்டு எழுதினாள்: ‘மருந்து தீரும் நிலை வந்தால் மூன்று நாள் முன்பே போன் செய்வோம். இந்தப் பதினொரு மாத்திரையும் ராக்காயியிடமே கையிருப்பாக இருக்கும்.’

“அது அவங்க பக்கம். இது நம்ம பக்கம், சார்.”

“இதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல சிஸ்டர்.”

“பாதியாக் குறைக்க மட்டும் இருக்கா?”

அகிலன் அவள் எழுதியதை இன்னொரு முறை வாசித்தார். பிறகு கையெழுத்திட்டார். சீட்டில் முழு மாதத்துக்கும் எழுதினார்.

ராக்காயியின் முகம் இளகவில்லை. “வாசி தாயி.”

தேவசேனா வாசித்தாள்.

“அந்தப் பக்கத்தையும் வாசி. அன்னைக்கு மாதிரி வெரசா வேணாம்.”

வெளியே வரிசை முணுமுணுத்தது. தேவசேனா நாற்காலியை அவள் அருகில் இழுத்துப் போட்டு, முதல் நிபந்தனையிலிருந்து நிதானமாகத் தொடங்கினாள்.