வெடிக்காத மண்

1

சென்னையில் ஓர் ஓவியக் கூடத்தின் ஏ.சி. குளிரில், சங்கரபாண்டியன் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கதைக்கு மூலம். "அண்ணாச்சி, ஏன் வெடிக்க மாட்டேங்குது?" 2003, மழைக்காலம். கோவில்பட்டியிலிருந்து அவருக்குத் துணையாகப் போயிருந்தேன். அன்றிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். முதல் தொடக்கம் இது:

'கோடை வந்தால் கரிசல் காடு வாய்பிளந்து—'

அடித்துவிட்டேன். வாய் என்று எழுதியதும் மண் பேச ஆரம்பித்துவிடுகிறது. இங்கே பேச வேண்டியவர்கள் இரண்டு மனிதர்கள்.

2

சங்கரபாண்டியன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். மனைவி முத்துமாரியம்மாள் தீப்பெட்டி ஆபீசில், மருந்தில் தோய்ப்பதற்கான மரச்சட்டங்களில் குச்சி அடுக்குபவர். ஒரே மகள் ஜெயப்பிரியா, இரண்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வரும்போது லாரி மோதி இறந்துபோனாள்.

[ஒரே வரியில் தாண்டிவிட்டேன் என்று நினைக்கலாம். அந்த மதியத்தை நீளமாக எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது. அதுதான் கூசியது.]

அதன்பிறகு பலகை எழுத அவருக்குக் கை வரவில்லை. கொல்லையில் கரிசல் மண்ணைக் குழைத்துப் பாய் அகலத்துக்குப் பரப்பினார். மருந்து தோய்க்காத தீக்குச்சிகளை மாரியம்மாள் அதில் வரிசையாக நட்டார். ஒன்றுகூடப் பிசகாது. வெயிலில் மண் காய்ந்து தன் இஷ்டத்துக்குப் பிளக்கும். வரிசைகள் சாயும். சில குச்சிகள் பிளவுக்குள் விழும். அதைப் பார்த்து சங்கரபாண்டியன் வாய்விட்டு அழுவார். மாரியம்மாள் எழுந்து போய், மறுபடி மண் குழைக்கத் தண்ணீர் கொண்டுவருவார்.

[மாரியம்மாளை முதலில் பேசாத பெண்ணாக எழுதியிருந்தேன். உண்மையில் வாயாடி. என்ன நினைத்து நடுகிறாய் என்றுதான் அவரை யாரும் கேட்டதில்லை.]

3

அந்த மண்ணை யாரோ எடுத்த புகைப்படம் சென்னைக்குப் போய், அங்கிருந்து அழைப்பு வந்தது. மண் மூட்டைகளோடு போனோம். கூடத்தின் தரையில் மண்டியிட்டு மாரியம்மாள் நட்டு முடித்தார். வெளியே மழை, உள்ளே குளிர். மண் ஈரமாகவே கிடந்தது. வந்தவர்கள் "என்ன ஒரு ஒழுங்கு!" என்று வியந்தார்கள். சங்கரபாண்டியன் பித்துப் பிடித்தவர்போல அதையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லிவிட்டு, பெரிய விளக்குகள் வாங்கிவந்து மண்ணுக்கு மேலே தாழக் கட்டினார்.

மாரியம்மாள் அவர் கையைப் பிடித்தார். "வேண்டாங்க. நிக்குதுல்லா."

"நின்னா ஆச்சா மாரி? வெடிக்கணும்லா. அதுக்குத்தான இம்புட்டுப் பாடும்!"

"அதுக்கா?" மாரியம்மாள் பிடித்த கையை விட்டுவிட்டார். "இந்தத் தடவையாவது நிக்கட்டும்னு நெனச்சித்தான் ஒவ்வொரு தடவையும் நட்டேன். நீங்க சாயுறதுக்கா காத்துக்கிட்டு இருந்திய?"

சங்கரபாண்டியன் போய் விளக்கைப் போட்டார்.

மறுநாள் மண் வெடித்தது. வரிசைகள் சாய்ந்தன. கூட்டம் கைதட்டியது. மாரியம்மாள் அப்போது அங்கே இல்லை. புதூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

4

முடிவுகள்.

அ) சங்கரபாண்டியன் புதூர் போய் அழைத்துவருகிறார். போனது உண்மை. மாரியம்மாள் சோறு போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கறி வைத்தார். பிறகு, "பொழுதோட கெளம்புங்க" என்றார்.

ஆ) மாரியம்மாள் மிச்சக் குச்சிகளைக் கொளுத்துகிறார். தீக்குச்சி கிடைத்ததும் எழுதுகிறவனுக்கு வரும் ஆசை இது. அப்படி எதுவும் நடக்கவில்லை.

இ) சங்கரபாண்டியன் இன்னும் மண் பரப்புகிறார். குச்சி நடுவதில்லை. வெறும் மண் காய்ந்து வெடிக்கிறது. போன வாரம் போயிருந்தேன். "சாயுறதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றார்.

இதில் எதுவும் முடிவில்லை. மாரியம்மாளை நீங்கள் திருப்பிக் கூட்டிவர நினைத்தால், கொல்லையில் வந்து நின்றதும் அவர் என்ன சொல்வார் என்று எழுத வேண்டியிருக்கும். நானும் எழுதிப் பார்த்தேன். "வந்துட்டேன்" என்கிறார். சங்கரபாண்டியன் தலை நிமிர்கிறார். அதற்கடுத்து மாரியம்மாள்—