இரண்டு வண்டிகளும் ஒரு கேரவனும்

என் கணவர் லயல் மார்ச்சில் இறந்துபோனார். மே முடிவதற்குள் அவருடைய அண்ணன் மெர்வும் என் மருமகன் ப்ரோடியும் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் நின்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். சொத்துச் சண்டையாக இருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கொட்டகையில் நின்ற இரண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் எது எங்கள் கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, இழுக்க லாயக்கு என்பதுதான் அவர்கள் சண்டை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம் என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான் ஆரம்பம்.

என் கவலை வேறு. வடக்கு மலைத்தொடரில், லீ கிரீக்கைத் தாண்டி, பார்ட்லி கிரீக் என்ற தேசியப் பூங்கா முகாமில் நானும் லயலும் ஆறு குளிர்காலமாகப் பொறுப்பாளர்களாக இருந்தோம். எங்கள் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைதான் குளிர்காலம். சம்பளம் கிடையாது. சொந்தக் கேரவனோடு போய்த் தங்க வேண்டும். கழிவறைகளைக் கழுவ வேண்டும், வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும், ஓடையில் விறகு பொறுக்குகிறவர்களை அதட்ட வேண்டும். பூங்கா அதிகாரி ரொவீனா எனக்குப் போன் செய்து, ஜூலை விடுமுறைக்கு முன்னால் வந்துவிடுவீர்களா என்று கேட்டிருந்தாள். முடியாவிட்டால் விக்டோரியாவிலிருந்து ஒரு தம்பதி காத்திருக்கிறார்கள் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வருகிறேன் என்றேன். வீட்டில் எந்த அறைக்குள் போனாலும் லயல் அங்கே இல்லை. பார்ட்லி கிரீக்கிலும் இருக்கப்போவதில்லைதான். ஆனால் அங்கே காலையில் எழுந்ததும் செய்ய எனக்கு ஒரு வேலை இருந்தது.

அதற்கு ஒரு வண்டி, ஒரு கேரவன், ஓட்ட நான். இவ்வளவுதான் தேவை.

பழைய வண்டியை எங்கள் மகள் டாம்சின் பிறந்த வருடம் வாங்கினோம். டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் டீசல். மணலைக் கண்டால் இறங்கிப் போய் முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் திருகைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். உள்ளே பேசினால் கேட்காது. ஏதாவது உடைந்தால் ஸ்பேனரும் கட்டுக்கம்பியும் போதும் என்பது அதன் பெருமை. அடிக்கடி ஏதாவது உடையும் என்பதை யாரும் சொல்வதில்லை.

புதியதை டாம்சினின் கணவன் ப்ரோடி வற்புறுத்தி லயலை வாங்க வைத்தான். இரட்டை டர்போ. கேரவன் லேசாக ஆடினால்கூடத் தானே பிரேக் போட்டு நேராக்கிக்கொள்ளும். மூன்று டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போதும் காபி சிந்தாது. ஆனால் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால், ஏன் எரிகிறது என்பதை இன்னொரு கம்ப்யூட்டரைச் சொருகித்தான் கேட்க வேண்டும். அதன் அகலமான டயர் கிழிந்தால் வெளியூரில் எந்தப் பெட்ரோல் பங்கிலும் அந்த அளவு கிடைக்காது.

"இதுல என்ன இருக்கு? டேப்லெட்டுக்கு நாலு சக்கரம் மாட்டி வித்திருக்கான்," என்பார் மெர்வ்.

"நீங்க மலை ஏறி வர்றதுக்குள்ள நான் மேல உட்காந்து டீ குடிச்சு, கப்பையும் கழுவி வெச்சிருப்பேன்," என்பான் ப்ரோடி.

நான் பக்கத்திலேயே நிற்பேன். மெர்வ் என்னைக் கைகாட்டி ப்ரோடியிடம், ஏவிஸ் நல்லாத்தான் ஓட்டுவா, ஆனா தனியா, அதுவும் கேரவனோட, என்று இழுப்பார். ப்ரோடி தலையாட்டுவான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று லயலும் நானும் மாற்றி மாற்றித்தான் ஓட்டினோம். அதை நான் இருவரிடமும் பல தடவை சொன்னேன். சொல்லும்போது கேட்டுக்கொள்வார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

கடைசியில், கேரவனை மாட்டி இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஒரு சனிக்கிழமை பழையது, அடுத்த சனிக்கிழமை புதியது. யார் ஓட்டுவது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் சனிக்கிழமை மெர்வ் ஓட்டினார். நான் மடியில் டீ பிளாஸ்க்கோடு பக்கத்தில். ஹாராக்ஸ் கணவாயில் ஏறத் தொடங்கியதும் மூன்றாவது கியர் போய் இரண்டாவது வந்தது. பாதி மலையில் எங்கள் பின்னால் லாரிகளும் கார்களும் வால் மாதிரி நீண்டன. சூட்டு முள் மேலே போனது. எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க மெர்வ் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டார். ஜூன் மாதக் குளிரில் ஜன்னலை இறக்கிவிட்டு, கால் வேக, காது விறைக்க உட்கார்ந்திருந்தோம். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் பின்னால் வந்த லாரிக்காரன் குரல்.

"முன்னாடி போற கேரவன், இன்னிக்கு மேல போயிருவீங்களா, இல்ல நாங்க இங்கேயே கூடாரம் போடட்டுமா?"

மெர்வ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். உச்சியில் ஓரங்கட்டி எல்லோரையும் போகவிட்டபோது, எஞ்சின் ஒரு தடவையாவது நின்றதா என்று என்னிடம் கேட்டார். நிற்கவில்லை என்றேன். அது உண்மைதான். இறக்கத்தில் நான் ஓட்டுகிறேன் என்றேன். இறக்கம்தான் சிக்கலான இடம் என்றார். ஏறும்முன் கேட்டபோது ஏற்றம்தான் சிக்கல் என்று சொல்லியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை ப்ரோடி. அதே கணவாயைப் பேசிக்கொண்டே கடந்தோம். வில்மிங்டனில் நிறுத்தி மீட் பை வாங்கித் தின்று, எதிலும் பட்டுக்கொள்ளாத முகத்தோடு பழைய வண்டியில் பின்தொடர்ந்த மெர்வுக்கும் ஒன்று கொடுத்தோம். ஹாக்கர் தாண்டி ஒரு கிளைச் சாலையில் தார் முடிந்து சரளை வந்தது. குலுக்கல் குறைய டயர் காற்றைக் குறைக்கலாம் என்றேன். இந்த வண்டியின் சஸ்பென்ஷனுக்கு அதெல்லாம் வேண்டாம் என்றான் ப்ரோடி. சாலை முழுக்கத் தகரக் கூரை மாதிரி வரிவரியாக மேடு. கேரவனுக்குள் பாத்திரங்கள் குதிக்கும் சத்தம் முன் சீட் வரை கேட்டது. சிறிது தூரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகு வண்டி நொண்ட ஆரம்பித்தது. எஞ்சின் ஓடுகிறது, சக்தி இல்லை. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள இப்படித்தான் செய்யுமாம். நடந்து போகிறவர் எங்களை முந்தியிருப்பார்.

ப்ரோடி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையோர மேட்டில் ஏறினான். சிக்னல் இல்லை. மெர்வ் வந்து நிறுத்தி, கண்ணாடியை மெதுவாக இறக்கினார்.

"டீ குடிச்சாச்சா? கப்பு கழுவியாச்சா?"

ப்ரோடி மேட்டிலிருந்து இறங்கி வந்தான். வண்டியை அணைத்துவிட்டு எல்லோரும் வெயிலில் நின்றோம். பிறகு ஸ்டார்ட் செய்து பார்த்தபோது விளக்கு இல்லை, நொண்டலும் இல்லை. ஏன் வந்தது, ஏன் போனது, யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் அது தங்கள் கட்சிக்கு ஆதாரமாகப் போய்விட்டது. பாத்தியா, நின்னுடுச்சு என்றார் ஒருவர். பாத்தீங்களா, தானே சரியாயிடுச்சு என்றான் மற்றவன். ஊர் வந்து சேரும் வரை ரேடியோவில் இதுதான். வீட்டுக்குத் திரும்பும் முனையில் எனக்குப் பொறுக்கவில்லை. ரேடியோவை நான் வாங்கினேன்.

"ரெண்டு வாரமா முன்னால இழுக்கிறதையே பாக்குறீங்க. பின்னால வர்றது எவ்வளவு கனம்னு யாராவது பாத்தீங்களா? சைலோவுக்குத் திருப்பு."

கிறிஸ்டல் புரூக் சைலோவில், அந்தத் தானியக் கிடங்கில், லாரிகளுக்கான எடை மேடை இருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களில் சும்மாதான் கிடக்கும். ப்ரோடி என்னைச் சமாதானப்படுத்துகிற முகத்தோடு ஏற்றினான். முதலில் எல்லாம் சேர்த்து, பிறகு கேரவனைக் கழற்றித் தனித்தனியாக.

கேரவன் மூன்று டன்னைத் தாண்டியிருந்தது. பழைய வண்டிக்குச் சட்டப்படி அனுமதி இரண்டரை. அதாவது மெர்வ் மெச்சிய இரும்புக் குதிரை இத்தனை வருடமும் இழுக்கக் கூடாததை இழுத்திருக்கிறது. விபத்து ஏதாவது நடந்திருந்தால் காப்பீடு ஒரு காசு தந்திருக்காது. ப்ரோடியின் முகம் மலர்ந்தது, ஒரு நிமிடம்தான். புதிய வண்டிக்கு மூன்றரை டன் அனுமதி என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் கேரவனின் மூக்கு கொக்கியில் அழுத்துகிற கனம் வண்டியின் சொந்தச் சுமையில் சேரும். முன் தடுப்புக் கம்பி, இரண்டாவது பேட்டரி, கூடுதல் டீசல் தொட்டி, கூரை மேல் அடுக்கு என்று ப்ரோடி ஆசை ஆசையாக மாட்ட வைத்த எல்லாவற்றையும் சேர்த்தால், பின் அச்சின் எல்லையும் தாண்டிவிட்டது.

ஆக, எதை ஓட்டினாலும் தப்பு. இருவரும் எடைச் சீட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு மெர்வ் சொன்னார், அப்போ கேரவனை வித்துடலாம் என்று. ப்ரோடி உடனே ஆமாம் என்றான். என் முன்னால் அவர்கள் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் தனியாகக் கேரவனைக் காலி செய்தேன். எங்கிருந்து வந்தது இத்தனை கனம் என்று பார்க்க வேண்டியிருந்தது. படுக்கைக்கு அடியில், முன் பெட்டியில், பின் பெட்டியில் கைவிட்டேன். ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார். ஒரு ஆல்டர்னேட்டர். ரேடியேட்டர் குழாய்கள், தண்ணீர் பம்பு, சாக்குத்துணியில் சுற்றிய சக்கர பேரிங்குகள். கிரீஸ் தடவிய இரண்டு சஸ்பென்ஷன் சுருள்கள், ஒன்றைத் தூக்கவே எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எல்லாம் பழைய வண்டியின் உதிரி பாகங்கள். ஒன்றுகூடப் புதியதற்குப் பொருந்தாது.

போன குளிர்காலம் புதிய வண்டிதான் கேரவனை இழுத்தது. பழையது கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. அதன் பாகங்கள் மட்டும் பார்ட்லி கிரீக் வரை போய், மூன்று மாதம் இருந்து, திரும்பி வந்திருக்கின்றன.

நான் புல்லில் உட்கார்ந்து லயலைத் திட்டினேன். வாய்விட்டுத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாக உள்ளே போய்விட்டார். எதற்கு இதையெல்லாம் ஏற்றினாய் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? வேணும்னா இருக்கட்டுமேன்னு, என்பார். அதுதான் அவர் எல்லாவற்றுக்கும் சொல்வது. அந்தப் பதிலை மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டும் என்றிருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

உதிரி பாகங்களைக் கொட்டகையில் அடுக்கினேன். ப்ரோடியின் கூரை அடுக்கை மெக்கானிக்கிடம் சொல்லிக் கழற்ற வைத்தேன். இரண்டாவது தண்ணீர்த் தொட்டியை வடித்தேன். புதன்கிழமை புதிய வண்டியில் கேரவனை மாட்டி நானே சைலோவுக்கு ஓட்டிப் போனேன். எல்லாம் எல்லைக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ரொவீனாவுக்குப் போன் செய்து, விடுமுறைக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏவிஸ், மெர்வ் திங்கட்கிழமை பேசினாரே. நீங்க இன்னும் தயாராகலைன்னு சொன்னார். நான் விக்டோரியாக்காரங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்."

மெர்வின் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் எலுமிச்சை மரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். உனக்காகத்தான் செய்தேன் என்றார். லயல் இருந்தால் உன்னைத் தனியாக விட்டிருப்பானா என்றார். ப்ரோடியையும் கேட்டுத்தான் செய்தாராம். அவனும் அதுதான் நல்லது என்றானாம். எது நல்ல வண்டி என்று மூன்று வாரம் ஒத்துப்போக முடியாதவர்கள் இதில் ஒரே போன் பேச்சில் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

"எந்த வண்டி வேணும்னு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டீங்க," என்றேன். "நான் போகவே போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டு எதுக்கு மெர்வ் அது?"

அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார். அது வேற விஷயம் என்றார். எனக்குப் புரிந்தவரையில் அதைத்தான் அவர் மனதார நம்பினார். அது வேற விஷயம்.

நான் ரொவீனாவிடம் மறுபடி பேசினேன். கெஞ்சவில்லை, ஆனால் போனையும் வைக்கவில்லை. விக்டோரியாக்காரர்கள் ஆகஸ்ட் நடுவில் ஊர் திரும்பியாக வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அதன் பிறகு அக்டோபர் வெயில் வரை என்னுடையது என்றாள். இனி என்னைப் பற்றி என்னிடம் மட்டும் கேள் என்றேன். சரி என்றாள். ஜூலை முழுக்க நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பழைய வண்டியை பீட்டர்பரோவிலிருந்து வந்த ஓர் ஆட்டுப் பண்ணைக்காரருக்கு, உதிரி பாகங்களோடு விற்றேன். மெர்வ் அதற்குப் பிறகு சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. ப்ரோடி தன் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், கடைசியில் புதியதுதான் ஜெயித்தது, நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் போனேன். சரளை தொடங்கும் இடத்தில் இறங்கி டயர் காற்றைக் குறைத்தேன். வழியில் மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிந்தது. நிறுத்தி, டீ குடித்து, மறுபடி கிளப்பினேன். பார்ட்லி கிரீக்கில் எங்கள் பழைய இடத்தில் கேரவனை நிறுத்தி, அதன் தாங்கு கால்களை இறக்கி, பொறுப்பாளர் பலகையை வெளியே நட்டேன்.

மாலையில் முகாமில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு பாட்டிலோடு உட்கார்வார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் பழையதா புதியதா என்பதில் வந்து நிற்கும். இரண்டாம் நாள், குவீன்ஸ்லாந்துக்காரர் ஒருவர் என் வண்டியைச் சுற்றிவந்தார். குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தார், சக்கரத்தைக் காலால் தட்டினார். பிறகு உண்மையான அக்கறையோடு என்னைக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் பழைய மாடலை விட்டுட்டு இதைத் தேர்ந்தெடுத்தார்?"

"உங்க ஜெனரேட்டர் இன்னும் ஓடுது," என்றேன். "இங்க எட்டு மணிக்கு நிறுத்தணும்."

அவர் போய் நிறுத்தினார்.