ஜன்னல் உட்காராது

என் தங்கை மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவிஞர். அவள் நச்சரிப்பு தாங்காமல்தான் நூலகத்து மாடியில் நடந்த கவிதை வாசிப்புக்குப் போனேன். சும்மா போகவில்லை, ஆறாம் வகுப்பின் கட்டுரை நோட்டுகளையும் தூக்கிக்கொண்டு போனேன். கவிதை கேட்டால் எனக்குத் தூக்கம் வரும், நோட்டுத் திருத்தினால் வராது.

அன்றைக்குத் திருத்தியும் வந்தது. மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக வடிந்து தரையெல்லாம் பரவியிருந்தது. மின்விசிறி ஒரே சுதியில் முனகியது. யாரோ கடலைப் பற்றி வாசிக்க, என் நாற்காலி லேசாக மிதந்தது. மடியில் முப்பத்தெட்டு நோட்டுகள். எல்லாவற்றிலும் 'எங்கள் வீடு அழகானது. அதில் நான்கு அறைகள் உள்ளன.' ஒற்றை அறையில் குடியிருக்கும் பிள்ளைக்கும் நான்கு அறைகள். எல்லாம் நான் போர்டில் எழுதிப்போட்டதன் ஈயடிச்சான் காப்பி. கண்ணை மூடினால் அந்த முப்பத்தெட்டு வீடுகளும் வரிசையாகக் கடல்மேல் போய்க்கொண்டிருந்தன.

"அக்கா, எழுந்திரு. உன் முறை!" தங்கை இடித்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது வாசிக்க வேண்டுமாம். நூலகர் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பாதித் தூக்கத்தில் எழுந்து, மேலே இருந்த நோட்டில் எந்தப் பக்கம் திறந்திருந்ததோ அதை வாசித்தேன். பக்கம் புரண்டு, போன மாதக் கட்டுரை திறந்திருந்தது.

"எங்கள் வீட்டில் ஒரு ஜன்னல்.
அம்மா வேலைக்குப் போனதும்
அது என் பக்கத்தில் வந்து உட்காரும்.
இரண்டு பேரும் தெருவைப் பார்ப்போம்."

அதற்குக் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து: 'ஜன்னல் உட்காராது. பூஜ்யம்.' அதை மட்டும் வாசிக்கவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"உங்க கவிதையா மேடம்?" என்றார் நூலகர்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்துவிட்டேன். எழுதியவள், வகுப்பே 'சுண்டெலி' என்று கூப்பிடும் பெண். பூஜ்யம் வாங்கியபிறகு சொந்தமாக ஒரு வரி எழுதவில்லை. இந்த மாதம் அவள் வீட்டிலும் நான்கு அறைகள். நானும் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தேன். ஒரு குழந்தையை எழுதவிடாமல் பண்ணிவிட்டேனோ என்று அந்த நோட்டையே திரும்பத் திரும்பப் புரட்டினேன்.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாங்கிக்கொண்ட கைதட்டல் உட்பட.

"இனிமே நான் போர்டுல எழுதிப்போட மாட்டேன். உங்க வீட்டைப் பத்தி நீங்களே எழுதுங்க."

"எத்தனை வரி டீச்சர்?"

"எத்தனை வருதோ அத்தனை."

திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி விழித்தார்கள். சுண்டெலி மட்டும் எழுந்து என் மேசைக்கு வந்தாள்.

"அப்போ நான் எழுதினது தப்பில்லையா டீச்சர்?"

"தப்பு என்னோடதும்மா. அதுக்கப்புறம் நீ எழுதுறதையே விட்டுட்டியே, அதுதான்..."

"விடலையே. வீட்டுல வேற நோட்டு வெச்சிருக்கேன். அது முக்கால்வாசி முடிஞ்சுபோச்சு."

எனக்கு உயிர் வந்தது. "நாளைக்குக் கொண்டு வாயேன், பார்க்கலாம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"உங்களுக்குக் காட்ட மாட்டேன் டீச்சர்."