அட்டைப்பெட்டியின் மேல் எழுதிய கதை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுத வேண்டும் என்று இந்தக் கதையை நான் ஆரம்பிக்கவில்லை. ஓர் அறையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆரம்பித்தேன்.

சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை உண்டு. ஒரு குழாய், தண்ணீர் வெளியேற ஒரு மடை, ஒரு ஜன்னல். திராட்சைக்கு அடிக்கிற மருந்து டிரம்களை முன்பு அங்கேதான் வைத்திருந்தோம். டிரம்களைத் தோட்டத்துக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, அறையைக் கழுவி, உள்ளே போய் உட்கார்ந்து எழுத்தாளன் ஆனேன். காலையில் தோட்டக்காரன், மத்தியானத்துக்கு மேல் எழுத்தாளன். இரண்டிலும் விளைச்சல் சுமார்தான்.

2007 ரம்ஜானுக்கு என் மைத்துனன் அல்தாப் கோட்டயத்திலிருந்து தன் அக்காவுக்கு ஒரு வாஷிங் மெஷின் கொண்டுவந்து இறக்கினான். அந்த அக்காதான் என் மனைவி லத்திபா. குழாயும் மடையும் இருக்கிற ஒரே அறை என் அறை என்பதால் மெஷின் அட்டைப்பெட்டியோடு அங்கே வந்து நின்றது. அதைத் துணி துவைக்கிற அறையாக மாற்றுவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“ஒரு கதை பாதியில நிக்கிது. அத மட்டும் முடிச்சுக்கிறேன்.”

“சரி மச்சான். முடிச்ச மறுநாளு கொத்தனாரு ராக்கையாண்ணன் கடப்பாரையோட வந்துருவாக,” என்றாள் லத்திபா. (மாமன் மகள். ஆகையால் மச்சான்.)

பாதியில் நின்ற கதை எதுவும் அப்போது என்னிடம் இல்லை. மறுநாளே ஒன்றை ஆரம்பித்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். இப்போது 2009.

2

முதல் தொடக்கம்: ‘சுருளி மலையில் மேகம் இறங்கியபோது அவள்’

இங்கே நிறுத்திவிட்டேன். அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நாலு மாதம் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘பந்தலுக்கடியில் நின்று பார்த்தால் வானம் கட்டம் கட்டமாக’

இது நல்ல தொடக்கம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் திராட்சைக்கு வாரம் இரண்டு தடவையாவது மருந்தடிக்க வேண்டும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த மருந்து சட்டை, கைலி எல்லாவற்றிலும் நீலமாக அப்பிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கழற்றிப் போடுவேன். மறுநாள் அவை துவைத்துக் கொடியில் கிடக்கும். எப்படிக் கிடக்கின்றன என்று யோசித்ததில்லை.

மூன்றாம் தொடக்கம்: ‘கரண்டு போனது.’

இது முழு வாக்கியம். ஆனால் அந்த வருஷம் தினமும் நடந்ததால் கதையாகத் தெரியவில்லை. “கரண்டே இல்லாத ஊர்ல மெஷின வச்சு என்ன செய்யப் போற?” என்று லத்திபாவிடம் கேட்க மட்டும் உதவியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

[குறிப்பு: இவ்வளவையும் மெஷின் வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துத்தான் எழுதினேன். அதன் உயரத்துக்குத் தோதாக ஒரு ஸ்டூலும் செய்துகொண்டேன். பெட்டியின் பக்கவாட்டில் மேல்நோக்கி ஓர் அம்பு, ஒரு கண்ணாடிக் கோப்பையின் படம். அம்பு காட்டுகிற இடத்தில் என் டீ டம்ளர். மெஷினுக்கு வாரண்டி இரண்டு வருஷம். பெட்டியைப் பிரிக்காமலே அது முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.]

3

லத்திபா காத்திருக்கிற ஆள் இல்லை. காத்திருந்துகொண்டே வேலை பார்க்கிற ஆள். என் தாள்களின் பின்பக்கத்தில் அறைக்குப் பிளான் போட்டாள். முதல் தொடக்கத்தின் முதுகில் ஜன்னல் இருக்கிறது. இரண்டாம் தொடக்கத்தின் முதுகில் மடை.

ராக்கையா கொத்தனார் மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். என் ஸ்டூலைச் சுற்றித் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டார்.

“இங்கன மெஷினு. அங்கன கடப்பாக்கல்லு. தரைக்கு வாட்டம் மடைப் பக்கமா. சுவிட்சு தண்ணி தெறிக்காத ஒசரத்துல. பாய், கதை எம்புட்டு வந்துருக்கு?”

“பாதி.”

“போன மாசமும் பாதின்டுதான சொன்னீக?”

“அது வேற பாதி.”

“ஒங்க பாதிக்குள்ள நான் ரெண்டு வீடு கட்டிப் பால் காய்ச்சிட்டேன் பாய்.”

லத்திபாவின் பிளானில் மூலையில் தனியாக ஒரு சின்னத் தொட்டி இருந்தது. ‘மருந்துத் துணி’ என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தாள்.

“மெஷின்தான் இருக்கே, தொட்டி எதுக்கு?” என்றேன்.

“மருந்துச் சட்டையையும் பிள்ளைக சட்டையையும் ஒன்னாப் போட முடியுமா? தொட்டியில நெறைய தண்ணி விட்டு ஊற வச்சு, கம்பால அலசிட்டு, கடைசியா மெஷினுல தனியாப் போடணும். கை படக் கூடாது.”

கை ஏன் படக் கூடாது என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். எழுதுகிறவனுக்குக் கவனிப்பதுதான் முதல் வேலை என்று கம்பம் டவுனில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியவன் நான். கைதட்டினார்கள்.

4

கதைக்கு நாயகி தேவைப்பட்டாள். சென்ற வாரம் எழுதினேன்: ‘மருதாணி சிவந்த விரல்களால் அவள் கொடியிலிருந்து சட்டையை எடுத்தாள்.’

இரண்டு வருஷத்தில் நான் முடித்த முதல் நல்ல வாக்கியம். அளவு நாடாவோடு உள்ளே வந்த லத்திபாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“யாரு இது?”

“நீதான்.”

“நான் மருதாணி வச்சு நாலு பெருநாள் ஆச்சு மச்சான்.”

“ஏன்?”

நாடாவை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பெட்டியின் மேல், அந்த வாக்கியத்தின் மேலேயே விரித்து வைத்தாள். விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. நகத்தைச் சுற்றி வெடிப்பு. உள்ளங்கை சிவந்துதான் இருந்தது. மருதாணிச் சிவப்பு அல்ல.

“மருதாணி பட்டாத் தீயா எரியிது. ஒங்க சட்டையத் தொவச்சுத் தொவச்சு வந்தது. அந்தத் தண்ணியில கையே வைக்கக் கூடாதுன்டு கம்பத்து டாக்டரு சொன்னாக. ரப்பர் உறை போட்டா வேர்த்து இன்னும் உரியிது. அதப் பாத்துட்டுத்தான தம்பி மெஷினு வாங்கியாந்தான்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

“சொன்னேன். ‘ம்’னு சொன்னீக. அப்ப ஏதோ ஒரு வரி யோசிச்சுக்கிட்டு இருந்தீக.”

அது எந்த வரி என்று எனக்குத் தெரியும். வானம் கட்டம் கட்டமாக. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை தேடவில்லை.

நாயகியைக் கதையிலிருந்து அடித்துவிட்டேன். வாக்கியத்தை மட்டும் அடையாளத்துக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

5

அன்றிலிருந்து மருந்துத் துணியை நான் துவைக்கிறேன். முதல் நாள் நாற்றம். இரண்டாம் நாள் அரிப்பு. நாலாம் நாள் நோன்பு திறக்கும்போது வடையைப் பிய்த்தேன். வடையிலிருந்த மிளகாய் விரலிடுக்கில் ஏறி உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. “யா அல்லா!” என்று எழுந்து குதித்தேன்.

“கைய ஒதறாதீக, இன்னும் எரியும். தேங்கா எண்ணெயத் தடவுங்க,” என்றாள் லத்திபா. பிறகு சிரித்தாள். “நாலு நாளைக்கே இந்தக் கூத்தா? கதையில எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.

வாக்கியங்கள் குட்டையாகி வருவதைக் கவனித்திருப்பீர்கள். நடை மாறவில்லை. பேனா பிடிக்கிற இடத்தில் தோல் இல்லை.

6

முடிவுகள்.

அ) அறை தயாராகிறது. மெஷின் ஓடுகிறது. பெருநாளுக்கு முதல் நாள் லத்திபா மருதாணி வைக்கிறாள். இதில் ஒரு சிக்கல். பெருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள். ராக்கையாவின் வேலையே பன்னிரண்டு நாள். தோல் வளர மூன்று மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த முடிவு பொய்.

ஆ) இரண்டு வருஷம் கிடந்த மெஷின் ஓடவில்லை. இலக்கிய நண்பர்களுக்கு இது பிடிக்கும். எனக்குக் கைதட்டல் கிடைக்கும், லத்திபாவுக்கு மறுபடியும் துவைகல்.

இ) பெட்டியைப் பிரித்தால் உள்ளே மெஷினே இல்லை. இதை லத்திபாவிடம் சொன்னேன். “எந் தம்பியக் களவாணியாக்குறீகளா?” என்றாள். கைவிட்டேன்.

ஈ) அவர்கள்

7

இன்று காலை நானே போய் ராக்கையாவைக் கூட்டிவந்தேன். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

“கதை முடிஞ்சிருச்சா பாய்?”

“இல்ல. நீங்க ஆரம்பிங்க.”

வாசற்படியில் நின்ற லத்திபா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நெசமாவா? பெறகு என்னால கதை கெட்டுப்போச்சுன்டு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன். தொட்டியும் சேத்துத்தான் கட்டப் போறோம்.”

அவள் உள்ளே வந்தாள். டீ டம்ளரை எடுத்து ஜன்னலில் வைத்தாள். ஸ்டூலை வெளியே போட்டாள். தரையைக் கொத்துவதற்கு முன்னால் பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான் நின்றுகொண்டே இந்த வரிகளை எழுதுகிறேன். ராக்கையா ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார். தாளுக்கடியில் பெட்டி ஆடுகிறது.

“பாய், அந்தப் பக்கம் ஒரு கை குடுங்க. கனமா இருக்கு.”

நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு லத்திபா குனிகிறாள். வெடித்த விரல்கள் பெட்டியின் அடியில் நுழைகின்றன.

“ஏய், விடு. நான் தூக்குறேன்.”

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இங்கே இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.