ஐப்பசி ஊசி

மொக்கம்மாள் விழவில்லை. வழுக்கவில்லை, சுமை தூக்கவில்லை, யாரும் இடிக்கவும் இல்லை. தும்மினாள், அவ்வளவுதான். மாசி மாதக் கடைசி எடுப்பு. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்துச் சரிவில், ஏலச்செடித் தூருக்குள் கையை விட்டுக் காய் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு மருந்தடித்த நெடி மூக்கில் ஏறியது. ஒரே ஒரு தும்மல். பக்கத்துத் தூரில் குனிந்திருந்த தங்கச்சி பொன்னுமணி வழக்கம்போல "நூறு" என்றாள். நூறாவது மண்ணாங்கட்டியாவது. அக்காக்காரி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, உட்கார்ந்த மேனிக்கே பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"எந்தா சேச்சி?" என்று மேட்டிலிருந்து சூப்பர்வைசர் கேட்டான்.

"முதுகு போச்சுடி பொன்னு," என்றாள் மொக்கம்மாள். மெதுவாகத்தான் சொன்னாள். எதையும் சத்தம் போட்டுச் சொல்லுகிற பிறவி இல்லை அவள்.

தவசியின் ஜீப்பில் பின்சீட்டுகளுக்கு நடுவே சாக்குகளை விரித்துப் படுக்க வைத்தார்கள். தவசி பத்து வருஷமாக இந்தப் பெண்களை ஏற்றி இறக்குகிறவன், வாய் ஓயாதவன். அன்றைக்குச் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மொக்கம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். போடி தெரிய ஆரம்பித்ததும், பொன்னுமணியின் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னாள்:

"வாயத் தொறந்துறாத. உம் மக முத்துப்பிரியா மேல சத்தியம் பண்ணிருக்க."

அந்தச் சத்தியத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இது ஏதோ மலையில் நடந்த விபத்து என்று நினைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மொக்கம்மாளுக்கு முதுகெலும்பில் ஒரு கண்ணி நசுங்கியது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சூர்யகலா பார்த்தார். எலும்பு உள்ளுக்குள் பஞ்சாகிவிட்டது என்றார். இதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை பாட்டிலில் ஏற்றுகிற மருந்து உண்டு, ஆனால் இவளுக்கு ஏற்ற முடியாது, கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். போகாமல் என்ன செய்யும்? இருபது வருஷமாகக் காலையில் ஜீப் ஏறும் முன் ஒரு வலிமாத்திரை, சாயங்காலம் இறங்கினதும் ஒன்று. மலைக்குப் போகிற பெண்களில் அதைத் தின்னாதவள் யார்? வெற்றிலை பாக்கு வாங்குகிற பெட்டிக்கடையிலேயே அதையும் வாங்கித் தின்றார்கள். ஒருத்தராவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கிட்னியைத் தொடாத வேறு ஊசி ஒன்று இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. கடையில் வாங்குவதென்றால் இவர்கள் கனவில்கூட முடியாது. ஒரு தரும டிரஸ்ட் இலவசமாகக் கொடுத்தது, வீட்டுக்கு ஒருவருக்கு. ஐஸ் பெட்டியில் போடிக்கு வந்து சேரும். அங்கே ஒரு சின்னக் கிளினிக்கில் நர்ஸ் பாண்டீஸ்வரி அதைப் போட்டுவிட்டு, அட்டையில் டிக் அடிப்பாள். ஏழு ஊசி ஏறியது. மொக்கம்மாள் நிமிர்ந்தாள். மறுபடி மலை ஏறினாள். போடிக்குப் பக்கம் சிலமலையில் அக்காவும் தங்கையும் இருப்பது ஒரே வீட்டில்தான். ஒருத்திக்குப் புருஷன் செத்துப்போனான், இன்னொருத்திக்கு ஓடிப்போனான். பொன்னுமணியின் ஒரே மகள் முத்துப்பிரியா திருப்பூரில் கைக்குழந்தையும் மில் வேலையுமாக மூச்சுமுட்டிக் கிடக்கிறாள். இருவருக்கும் வேறு நாதி கிடையாது.

போன ஆவணி மழையில் பொன்னுமணி சரிவில் கையூன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்ட டாக்டர், உனக்கும் எலும்பு பஞ்சுதான் என்று சொல்லிவிட்டார். ஊசிக்கு மனு எழுதிப் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவருக்குத்தான் என்று டிரஸ்டிலிருந்து பதில் வந்தது. ஐப்பசி ஊசி வந்த அன்றைக்கு மொக்கம்மாள் தங்கையைக் கிளினிக்குக்குக் கையோடு கூட்டிப் போனாள்.

"எனக்கு ஏழு ஏறிருச்சு. நல்லாத்தான இருக்கேன். இந்த ஒண்ண இவளுக்குப் போட்டு விடு தாயி. சித்திரையில நான் போட்டுக்கிறேன். அப்பிடியே மாத்தி மாத்திப் போட்டுக்குவோம்."

பாண்டீஸ்வரி முதலில் முடியாது என்றாள். பிறகு இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள். ஒரு வீட்டுக்கு வந்தது ஒரு வீட்டுக்குள்தானே போகிறது என்று பொன்னுமணிக்குப் போட்டாள்; மொக்கம்மாள் பேருக்கு நேரே டிக் அடித்தாள். வெளியே தெரிந்தால் பாண்டீஸ்வரிக்கு வேலை போகும், டிரஸ்டு பேரை வெட்டிவிடும். அதற்குத்தான் அந்தச் சத்தியம்.

வேண்டாம் என்று பொன்னுமணி சொன்னாள்தான். ஒரு தடவை சொன்னாள். இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. 

மதுரையில் படம் எடுத்தார்கள். ஒன்றில்லை, நாலு கண்ணி புதிதாக நசுங்கியிருந்தது. டாக்டர் சூர்யகலா படத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஊசி எல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்களேம்மா. பின்ன எப்படி நாலு ஒடஞ்சுச்சு?"

மொக்கம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பொன்னுமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப இந்த ஊசி இவங்களுக்கு வேலை செய்யல. இனிமே வேண்டாம், நிறுத்திருவோம். எலும்புக்குள்ள கேன்சர் மாதிரி எதுவும் இருக்கான்னு பாக்கணும். நாளைக்கு இடுப்பெலும்புல ஊசி குத்தி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறோம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கேன்சர் என்ற வார்த்தை காதில் விழுந்தும் மொக்கம்மாள் அசையவில்லை. தங்கையை ஒரு பார்வை பார்த்தாள். பேசாம இரு என்கிற பார்வை. இந்த அழுத்தக்காரியை என்ன செய்வது? நாலு கண்ணி நொறுங்கிக் கிடக்கிறது, இன்னும் நர்ஸின் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்.

பொன்னுமணி வராந்தாவில் டாக்டருக்குப் பின்னாலேயே நடந்தாள்.  மகள் முகம் ஒரு பக்கம், அக்கா முகம் ஒரு பக்கம். சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று மனசு அடித்துக்கொண்டது. மாடிப்படியருகே டாக்டர் திரும்பியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஐப்பசி ஊசிய எனக்குப் போட்டுக்கிட்டேன்மா. அவளுக்குப் போடல. டிக்கு பொய்யி."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் பொன்னுமணியைப் பயமுறுத்தியது.

"ஒரு ஊசிதானம்மா தவறுச்சு. ஏழு ஏறியிருந்துச்சே. அந்தத் தெம்பு எங்க போச்சு?" என்றாள் பொன்னுமணி.

"அதுதான் இதுல இருக்கற வம்பே," என்றார் டாக்டர். "நம்ம எலும்பு சும்மா கல்லு மாதிரி கிடக்கறது இல்ல. எலும்பைக் கட்டுற செல்லு ஒரு பக்கம், அரிச்சுத் தின்னுற செல்லு ஒரு பக்கம். ரெண்டும் சாகற வரைக்கும் வேலை செய்யும். கட்டுற செல்லோட மேல்தோல்ல ஒரு புரதம் நீட்டிக்கிட்டு இருக்கும். தின்னுற செல்லோட மேல அதை வாங்கிக்கறதுக்கு இன்னொரு புரதம். ரெண்டும் தொட்டாத்தான் தின்னுற செல்லு முழிச்சு வேலைக்கு இறங்கும். உங்க மேஸ்திரி கை காட்டுனதும் ஜீப்புல இருந்து ஆளுக இறங்குறீங்கள்ல, அந்த மாதிரி."

பொன்னுமணி தலையாட்டினாள்.

"வயசான பொம்பளைங்களுக்கு அந்தக் கை ஓயாம காட்டிக்கிட்டே இருக்கும். ஊசி என்ன பண்ணுதுன்னா, அந்தக் கையை இறுக்கிப் பிடிச்சுக்குது. அதான் உங்க அக்கா நிமிர்ந்தாங்க. ஆனா ஆளுக சாகலம்மா. ஜீப்புக்குள்ளேயே உக்காந்திருக்காங்க. மூணு வருஷமா சேர்ந்துக்கிட்டே இருக்காங்க. ஊசி ஆறு மாசத்துல கரைஞ்சு பிடி விட்டதும் அத்தனை பேரும் ஒரே நேரத்துல இறங்குவாங்க. மூணு வருஷத்துல கட்டுனதை மூணு நாலு மாசத்துல தின்னுருவாங்க. ஊசியே போடாம இருந்தவங்களுக்குக்கூட இப்படி வரிசையா ஒடையாது."

"இத யாரும் சொல்லலையேம்மா."

"ஊசி தவறக்கூடாதுன்னு அட்டையில எழுதியிருக்கோம்," என்ற டாக்டர், பொன்னுமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதுனா ஆச்சான்னு கேப்பீங்க. சரிதான். நான் உக்காந்து சொல்லியிருக்கணும்," என்றார்.

இடுப்பில் குத்துவது நின்றது. ஊசியை நிறுத்துகிற பேச்சும் நின்றது. சித்திரை ஊசியை டிரஸ்டிடம் சொல்லி முன்கூட்டியே வரவழைத்து மறுநாளே போடவேண்டும், இனி ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது, போட்டால் மீதி இருக்கிற கண்ணிகளாவது தப்பும் என்றார் டாக்டர். நசுங்கினது நிமிருமா என்று பொன்னுமணி கேட்டாள். நிமிராது. எழுந்து நடப்பாளா? பிடித்துத் தூக்கிவிட ஆள் இருந்தால் கக்கூஸ் வரைக்கும் போகலாம், மலை ஏறுவதெல்லாம் முடிந்தது. அந்த ஒரு ஊசியைக் காப்பாற்றியதற்காகவாவது பொன்னுமணி டாக்டரைக் கும்பிட்டுவிட்டு அக்காவிடம் போயிருப்பாள். ஆனால் டாக்டர் விடவில்லை.

"நீங்க போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. உங்களுக்கும் சித்திரையில பிடி விட்டுரும். ஒண்ணுதான் ஏறியிருக்கு, அக்கா அளவுக்கு வராமலும் போகலாம். ஆனா எலும்பு ஏற்கெனவே பஞ்சு. அப்படியே விடறதுக்கு எனக்கு மனசு வரல. உங்களுக்குப் பாட்டில் மருந்து ஏத்திருவோம். ரத்தம் மட்டும் குடுங்க."

ரத்தம் கொடுத்தாள். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. அதைப் படிக்க டாக்டருக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. அதே பெட்டிக்கடை, அதே மாத்திரை, அதே இருபது வருஷம், அதே கிட்னி. பாட்டில் மருந்து இவளுக்கும் ஆகாது. இருப்பது அந்த ஊசி ஒன்றுதான். அதுவும் வீட்டுக்கு ஒன்று. டிரஸ்டுக்கு நானே எழுதுகிறேன் என்றார் டாக்டர். எழுதுவார், நல்லவர்தான். பதில் சித்திரைக்குள் வருமா என்று கேட்டதற்கு மட்டும் ரிசல்ட் தாளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

அக்காவிடம் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் மொக்கம்மாளுக்குத் தங்கையின் முகத்தைப் படிக்கத் தெரியாதா? ராத்திரிச் சோற்றை ஊட்டும்போதே முழுசையும் கறந்துவிட்டாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டுவாள் என்று பொன்னுமணி காத்திருந்தாள். மொக்கம்மாள் திட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். 

காலையில் வார்டு நர்ஸ் ஊசியோடு வந்தார். மொக்கம்மாள் இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம். இவளுக்குப் போடுங்க."

"என்னம்மா வெளாடுறீங்க? உங்க பேருக்கு வந்ததும்மா."

"எனக்கு நாலு போயிருச்சு. இன்னும் ரெண்டு போனா என்ன, கெடக்குறவ கெடக்கப்போறேன். அவளுக்கு ஒண்ணும் போகல. அவளுக்குப் போடுங்க."

டாக்டர் வந்து சொல்லிப் பார்த்தார். இப்போது விட்டால் மூச்சு விடுவதே கஷ்டமாகிவிடும் என்றார். மொக்கம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். உடம்பில் வலிக்காமல் அசைக்க முடிந்தது கை ஒன்றுதான், அதைப் போர்வைக்கு வெளியே விடமாட்டேன் என்றாள்.

அக்கா சொல்வது தப்பில்லை என்று பொன்னுமணிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் கொடுமை. ஐப்பசியில் வந்த அதே சந்தோஷம் தலையை நீட்டிப் பார்த்தது. ச்சீ என்று அதை உதறினாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி, அக்காவின் இடது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, முழங்கையையும் மணிக்கட்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். முறிந்து சேர்ந்த மணிக்கட்டோடு அவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"வெரசா போடுங்கம்மா," என்றாள் நர்ஸிடம்.

ஊசி ஏறியது. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. நர்ஸ் அட்டையில் டிக் அடித்தார், இந்தத் தடவை பொய் இல்லை.

மொக்கம்மாள் அப்போதுதான் அழுதாள். நாலு கண்ணி நொறுங்கியபோது அழாதவள், மலையிலிருந்து இறங்கும்போது அழாதவள், தங்கையின் மடியில் கிடந்த கையை உருவிக்கொள்ளக்கூட முடியாமல் வாய்விட்டு அழுதாள்.

"பாவி, உனக்கு நல்லது நெனச்சுச் சொன்னேன்னா நெனச்ச? நீயும் விழுந்துட்டா என்னைய யாருடி தூக்குவா?"

பொன்னுமணி பஞ்சை ஊசி போட்ட இடத்தில் வைத்துத் தேய்த்துவிட்டாள். அக்காவுக்கு ஒன்றுக்கு வந்திருந்தது. பொன்னுமணி எழுந்து, அவள் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள்.